இரண்டு சீட்டும் ஒரு பந்தும்

எனக்குக் கொடுத்திருக்கும் நாற்காலியின் பின்னங்காலில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. உட்காரும்போதெல்லாம் ஒரு விரல் அளவுக்கு இடப்பக்கம் சாய்கிறது. பெரிய வேலை இல்லை. யாராவது ஸ்க்ரூடிரைவர் கொடுத்தால் ஒரே நிமிஷத்தில் நானே இறுக்கிவிடுவேன். காவலுக்கு நிற்கும் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். "உங்க கையில ஸ்க்ரூடிரைவரா? நல்லாருக்கே கதை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதிகாரி அம்மா, நீங்கள் தாளும் பேனாவும் வைத்துவிட்டு, "நிதானமா எழுதுங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிப் போனீர்கள். நான் எதையும் அவசரமாகச் செய்ததில்லை. நிதானமாகவே எழுதுகிறேன்.

நான் இங்கே வந்தது மனசு உறுத்தியதால் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அப்படி எழுதிவிடக் கூடாது. முயல் என்று நாங்கள் கூப்பிடும் பையன் ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றிய அறிக்கையில் "பராமரிப்பில் கவனக்குறைவு" என்று போட்டு, எங்கள் சாமான் அண்ணனைப் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். மட்டை, பந்து, கையுறை, ஹெல்மெட் எல்லாம் அவர் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் தப்பு. பதினொரு வருஷமாக என் மைதானத்தில் எதுவும் கவனக்குறைவாக நடந்ததில்லை. அன்றைக்கு நடந்ததும் அப்படித்தான். ஒவ்வொன்றும் கவனமாகச் செய்யப்பட்டது. செய்தது நான்.

எங்கள் மைதானத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாட்டில் ஃபேக்டரிக்குப் பின்னால், மூன்று பக்கம் கம்பி வேலி, ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட சாமான் அறை. பத்து வயதிலிருந்து பதிமூன்று வரைக்கும் பதினெட்டுப் பிள்ளைகள். ஆணும் பெண்ணும் கலந்துதான். எல்லோருக்கும் நான் பட்டப்பெயர் வைத்திருந்தேன். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை வீட்டு ஞாபகத்திலேயே நிற்கும். பட்டப்பெயர் வைத்தால் மைதானத்துக்கு வந்துவிடும். வேகமாக ஓடுகிற பையன் முயல். உயரமான பெண் கொக்கு. அவர்கள் எனக்கு வைத்த பெயர் கோச்சம்மா. எனக்குத் தெரியாமல் வேறு பெயரும் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

பேஸ்பாலை உடம்பால் ஆடுகிற ஆட்டம் என்று நினைக்கிறார்கள். ஒரு பிள்ளை, தரையில் பதித்த வெள்ளைத் தட்டுக்குப் பக்கத்தில் மட்டையோடு நிற்கிறது. எதிரே இன்னொரு பிள்ளை, கல் மாதிரி ஒரு பந்தை அதன் பக்கமாக எறிகிறது. பந்து வந்து சேர அரை நொடி. அந்த அரை நொடியில் கண் திறந்திருக்கிறதா, மூடிக்கொள்கிறதா என்பதுதான் ஆட்டம். மற்றதெல்லாம் ஓட்டமும் புழுதியும்.

பெற்றவர்களுக்கும் அது தெரியும். பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது ஒருத்தராவது "நல்லா ஆடக் கத்துக் குடுங்க" என்று சொன்னதில்லை. "ரொம்ப பயந்த சுபாவம் கோச்சம்மா. கொஞ்சம் தைரியமா ஆக்கி விடுங்க" என்பார்கள். பதினொரு வருஷமாக எல்லோரும் ஒரே மாதிரி. எப்படி ஆக்குவீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறீர்கள், எல்லோரும் சேர்ந்து.

எப்படி என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு ஒரே மகன். ஒன்பது வயதில் காய்ச்சலில் போனான். அவன் பிறந்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான். அது நடந்தது. நடந்த பிறகு எனக்கு எந்தப் பயமும் வரவில்லை. இருட்டு, நாய், வியாதி, மனுஷர்கள், எதுவும் இல்லை. அம்மை ஒரு தடவை போட்டுவிட்டால் மறுபடி வராது இல்லையா, அது மாதிரி. பயம் போவதற்கு வழி, அது நடந்துவிடுவதுதான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

அதனால்தான் அந்தப் பெட்டி.

பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியில் கத்தியால் வாய் வெட்டி, பயப்பெட்டி என்று பெயர் வைத்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பயத்தை ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட வேண்டும். பெயர் எழுதக் கூடாது. "இத யாரும் படிக்க மாட்டாங்க. மாசக் கடைசில எல்லாத்தையும் கொளுத்திடுவோம். பயம் சாம்பலாப் போயிடும்" என்று சொல்லியிருந்தேன். மாசக் கடைசியில் இரும்பு வாளியில் கொட்டிக் கொளுத்துவோம். பிள்ளைகள் சுற்றி நின்று கை தட்டுவார்கள். அதைப் பார்க்கப் பெற்றவர்கள் வருவார்கள். படம் எடுப்பார்கள். ஒரு அம்மா அழுதேவிட்டாள்.

எரிந்தது வெற்றுத் தாள். பழைய வருகைப் பதிவேட்டின் ஓரங்களை அதே அளவில் நறுக்கி வைத்திருந்தேன். உண்மையான சீட்டுகள் என் வீட்டு அலமாரியில், பிள்ளைக்கு ஒரு உறையாக இருக்கின்றன. பெயர் இல்லாவிட்டால் என்ன? தினமும் வருகைப் பதிவேட்டில் அவர்கள் கைப்படத்தானே எழுதுகிறார்கள். யார் "ற"வை எப்படிச் சுழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

வந்ததும் இதை வாயால் சொன்னபோது, வாக்குக் கொடுத்துவிட்டுப் படித்தது துரோகம் என்றீர்கள். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் டாக்டர் மருந்து எழுதுவாரா, சொல்லுங்கள்.

கொக்கிலிருந்து ஆரம்பித்தேன். அவளுடைய சீட்டு: "அப்பா மேட்ச் பாக்க வராம போயிடுவாரோன்னு பயம்." அப்பா பஸ் டிரைவர். லீவு போட்டுவிட்டு வருகிற மனுஷன். ஒரு முக்கியமான ஆட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டு, மைதானம் மாறிவிட்டது என்று ஊரின் அந்தக் கோடியில் ஒரு இடத்தைச் சொன்னேன். அவர் அங்கே போய் வெயிலில் நின்றிருக்கிறார். கொக்கு நாலு சுற்று வரைக்கும் வேலி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது சுற்றில் பார்ப்பதை விட்டாள். அதன் பிறகு மூன்று அடி, மூன்றும் வேலிக்கு வெளியே. ஆட்டம் முடிந்து அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"பாப்பா, அப்பாவ தப்பான எடத்துக்கு அனுப்பிட்டாங்கடா."

"பரவால்லப்பா. நீங்க இனிமே வர வேணாம்" என்றாள்.

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் தெரியுமா. அவர் முகம் சுண்டிப்போனது. அதற்கு நான் பொறுப்பில்லை; என்னிடம் விட்டது மகளை, அவரை இல்லை.

அடுத்தது தும்பி. ஒல்லிப் பையன். "நான் வீட்டுக்குப் போறப்ப என் நாய் இல்லாம போயிடுமோன்னு பயம்" என்று ஐந்து வாரம் தொடர்ந்து எழுதினான். ஆறாவது வாரம் அவன் பயிற்சியில் இருந்தபோது, ஒரு வேலையாகப் போவதாகச் சொல்லி அவன் தெருவுக்குப் போனேன். நாய்க்கு என்னைத் தெரியும். கதவைத் திறந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டது. தூரத்தில் ஒரு தோட்டக்காரரிடம் விட்டேன். நல்ல இடம்தான், விசாரித்துத்தான் விட்டேன். தும்பி ஒரு மாதம் தெருத்தெருவாகத் தேடினான். அப்புறம் தேடவில்லை. அந்த வருஷம் முழுக்க ஒரு பந்தைக்கூட அவன் கை தவறவிடவில்லை. கணக்கு ஏடு இருக்கிறது, பாருங்கள். வீட்டில் மறுபடி நாய்க்குட்டி வாங்கித் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றானாம். முதிர்ச்சி என்று நான் அதைத்தான் சொல்வேன்.

இப்படிப் பல பேர். உறைகளைப் பிரித்தால் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் தேதி போட்டிருக்கிறேன், தீர்த்த தேதி.

இனி முயலையும் சில்லுவையும் பற்றி.

முயல் பதினொரு வயதுப் பையன். காலில் சக்கரம் கட்டின மாதிரி ஓடுவான். ஆனால் மட்டை பிடித்தால் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வான். சீட்டில் எழுதியிருந்தான்: "பந்து மூஞ்சில பட்டு கண்ணு போயிடுமோன்னு பயமா இருக்கு. வெல்டிங் பட்டறை மாமாவுக்கு ஒரு கண்ணு தெரியாது."

சில்லு பந்து எறிகிறவள். தையல்காரம்மாவின் மகள், பன்னிரண்டு வயது, இடது கை. அப்படி ஒரு தோள் என் பதினொரு வருஷத்தில் வேறு யாருக்கும் அமையவில்லை. ஆனால் பந்தை மட்டைக்காரனிடமிருந்து தள்ளித் தள்ளித்தான் போடுவாள். உடம்புக்குப் பக்கத்தில் போடவே மாட்டாள். நாலு பந்து தள்ளிப் போனால் மட்டைக்காரர் அடிக்காமலே முதல் தட்டுக்கு நடந்து போகலாம். எதிரணி அதைக் கண்டுகொண்டு சும்மா நின்றே ஜெயித்தது. அவளுடைய சீட்டு: "நான் போடற பந்து யாரு மேலயாவது பட்டு அவங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்."

இரண்டு சீட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் பூட்டுக்கு மற்றது சாவி. இரண்டு பேருக்கும் ஒரே பந்து போதும்.

நீங்கள் தேடுகிற விவரங்களை இனிமேல் வரிசையாக எழுதுகிறேன்.

ஹெல்மெட்டின் முன்பக்கக் கம்பிக் கூண்டு நாலு திருகில் நிற்கிறது, பக்கத்துக்கு இரண்டு. சாமான் அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் இறுக்கி, ஒவ்வொரு திருகின் தலையிலும் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு வைப்பார். திருகு நகர்ந்தால் பூச்சு வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். "என் வீட்டுக்காரி வாங்கற நகப்பூச்சுல பாதி இந்தக் கூண்டுக்குத்தான் கோச்சம்மா போகுது. அவ விரல் நுனியப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு" என்பார். அந்த வெள்ளிக்கிழமையும் முயலின் ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டி, "யானை ஏறி மிதிச்சாலும் அசையாது" என்றார். அவர் சொன்னது சரி. அசைந்திருக்காது.

சனிக்கிழமை பயிற்சி ஆட்டம் மூன்று மணிக்கு. நான் ஒரு மணிக்கே போய் சாமான் அறையைத் திறந்தேன். இடப்பக்கத்து இரண்டு திருகிலும் இருந்த பூச்சை, பூச்சு நீக்கும் திரவத்தில் நனைத்த கைக்குட்டையால் துடைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்து, ஒவ்வொன்றையும் இரண்டரைச் சுற்று தளர்த்தினேன். முழுசாகக் கழற்றினால் போட்டுக்கொள்ளும்போதே அவன் கண்டுபிடித்துவிடுவான். இரண்டரைச் சுற்றுக்குக் கூண்டு நிற்கும், ஆனால் தாங்காது. அறிக்கையில் "இடப்பக்கத் திருகுகளில் பூச்சு வைக்க மறந்திருக்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மறக்கவில்லை. கைக்குட்டை என் அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில் இருக்கிறது. சிவப்பு இன்னும் போகவில்லை.

இன்னொரு விஷயம் பந்து. புதுப் பந்து வழுக்கும். அதனால் ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு பந்திலும் ஈரக் களிமண் தடவித் தேய்த்துத்தான் கொடுப்போம். அப்போதுதான் விரலில் நிற்கும். அந்த வேலையை நான் யாரிடமும் விட்டதில்லை. அன்றைக்கு மட்டும் தேய்க்காத பந்து ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

முயலின் முறை வந்தது. "தட்டுக்கு ஒட்டி நில்லு" என்றேன். "கண்ண மூடின, ஒரு மாசம் பெஞ்சுலதான் உக்காரணும்."

"மூட மாட்டேன் கோச்சம்மா. சத்தியமா."

சில்லுவிடம் புதுப் பந்தைப் போட்டேன். எந்தப் பந்தை எங்கே போடுவது என்று நான் பெஞ்சிலிருந்து சைகை காட்டுவது வழக்கம். முழங்கையைத் தொட்டால் தள்ளி. காதைத் தொட்டால் உடம்புக்குப் பக்கத்தில். காதைத் தொட்டேன். அவள் தலையை ஆட்டினாள், முடியாது என்று. மறுபடி தொட்டேன்.

"கோச்சம்மா, பந்து வழுக்குது" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"புதுசு அப்படித்தான் இருக்கும். போடு."

"கொஞ்சம் தேய்ச்சுத் தாங்களேன்."

"சில்லு, போடு."

நல்ல பிள்ளை. சொன்னால் கேட்பாள். போட்டாள்.

இரண்டு சத்தம் கேட்டது. முதலில் கம்பி மணி மாதிரி ஒலித்தது. அடுத்தது அவ்வளவு பெரிய சத்தம் இல்லை.

கன்னம் வீங்கும் அளவுக்குத்தான் நினைத்தேன் என்று எழுதினால் தண்டனை குறையும் என்று வக்கீல் தம்பி சொல்லிக் கொடுத்தார். அப்படி எழுத மாட்டேன். எங்கே படும் என்று நான் கணக்குப் போடவில்லை. பட வேண்டும் என்பதுதான் கணக்கு.

எல்லோரும் பையனிடம் ஓடினார்கள். நான் மட்டும் சில்லுவிடம் போனதைப் பற்றி நாலு பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்களாம். அந்த நேரத்தில் பதற்றத்தில் போனேன் என்று ஒருத்தர் எனக்காகப் பரிந்துகூடப் பேசினாராம். பதற்றம் இல்லை. பையனைத் தூக்க ஆள் இருந்தது. அவளுக்கு அந்த நிமிஷத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. பந்தை விட்ட கை நீட்டினபடியே நின்றிருந்தாள். அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "பாத்தியா? நீ பயந்தது நடந்துடுச்சு. அவ்ளோதான். இனிமே அது வராது" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நான் என்ன பயந்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

நான் பெஞ்சுக்குத் திரும்பி நடந்தேன். பிள்ளைகளிடம் நான் பொய் சொல்வதில்லை.

முயலுக்கு இடது கண் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதி முகத்தில் கட்டு. அவன் அம்மா எனக்கு நாற்காலி போட்டாள். முயல் என் குரலைக் கேட்டுத் திரும்பினான்.

"கோச்சம்மா, நான் கண்ண மூடல. திறந்துதான் வச்சிருந்தேன். பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்டா ராஜா."

"பெஞ்சுல உக்கார வைக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்" என்றேன். அந்த வாக்கை நான் காப்பாற்றுவதாகத்தான் இருந்தேன். ஒரு கண்ணோடும் ஆடலாம். அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். அவன் மூடவில்லை, அதிகாரி அம்மா. இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது.

சில்லுவின் விஷயத்தில் பலன் இன்னும் சீக்கிரம் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து அடுத்த ஊர் அணியோடு ஆட்டம். காதைத் தொட்டேன். தலையாட்டாமல் போட்டாள். உடம்பை உரசிப் போட்டாள். இரண்டு பேர் மேல் பட்டது. ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சில்லு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பந்துக்குக் கையை நீட்டினாள். அன்றைக்கு ஜெயித்தோம். பிள்ளைகள் குதித்தார்கள். அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் தையல்காரம்மா என் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது. கழற்றக்கூட நினைவில்லாமல் வந்திருக்கிறாள்.

"கோச்சம்மா, என் பொண்ணு பேச மாட்டேங்குறா."

"வயசு அப்படி. சரியாயிடும்."

"நேத்து பட்டன் தைக்கக் குடுத்தேன். ஊசி விரல்ல ஏறி நிக்குது. 'ஆ'ன்னு ஒரு சத்தம் இல்ல. உக்காந்து அதையே பாத்துட்டிருக்கா. நான்தான் பிடுங்கினேன். நீங்க என்ன பண்ணீங்க அவள?"

"நீங்க என்ன கேட்டீங்களோ அதத்தான் பண்ணேன். தைரியமா ஆக்கி விடச் சொன்னீங்க."

"இது தைரியமா?" என்றாள். நாடாவின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு என் பழைய பயந்தாங்கொள்ளியே போதும். அவளக் குடுத்துடுங்க."

அவளுக்குப் புரியவில்லை. அம்மாக்களுக்குப் புரியாது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

இதையும் எழுதிவிட்டு முடித்துக்கொள்கிறேன். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்களும் சீட்டுப் போடணும் கோச்சம்மா! எங்களுக்கு மட்டும்தான் பயமா?" ஒரே கூச்சல். சரி என்று ஒரு சீட்டை மடித்துப் போடப் போனேன். பக்கத்தில் நின்ற சில்லு எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஒண்ணுமே எழுதலியே."

"எழுத ஒண்ணும் இல்லடி."

"பயமே இல்லியா? எப்படி?"

"வந்தது, நடந்தது, போயிடுச்சு."

"பாவம் நீங்க" என்றாள். எதற்குச் சொன்னாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

தையல்காரம்மா வந்துபோன வாரம் வெள்ளிக்கிழமையும் பெட்டியைச் சுற்றுக்கு விட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். சில்லுவின் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். பேனா பட்ட தடம்கூட இல்லை. அது அவளுடைய உறையில் கடைசியாக இருக்கிறது. நீங்கள் உறைகளை எடுக்கும்போது அதை வெற்றுத் தாள் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன். சாமான் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் இதில் எதையும் செய்யவில்லை, செய்யவும் தெரியாது. பதினொரு வருஷத்தில் அந்தப் பெட்டியில் விழுந்த ஆயிரக்கணக்கான சீட்டுகளில் எழுத்தே இல்லாதவை இரண்டுதான். ஒன்று என்னுடையது. தேறியவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.